வரப்பு தாண்டி வந்த பாயிண்ட்

சென்ற மாதம் விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த இளம்பெண் தன் கைப்பேசியை உயர்த்திக் காட்டி, "அண்ணே, சார்ஜ் போட பாயிண்ட் இருக்கா?" என்று நடத்துநரிடம் கேட்டாள். "பாயிண்ட் இருக்குத்தா, அதுல கரண்டுதான் இல்ல" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. கோயில் மணி ஒலித்ததும் கைகள் குவிவதில்லையா, அதைப் போல.

வீடு திரும்பியதும் ஆங்கில அகராதியை எடுத்து அச்சொல்லுக்குரிய பக்கத்தைப் பிரித்தேன். ஊசியின் முனை, வாக்கியத்தின் இறுதிப் புள்ளி, வாதத்தின் சாரம், ஆட்டத்தில் ஈட்டும் மதிப்பு, திசைகாட்டியின் மூலை, நீர் கொதிக்கும் நிலை, விரலால் சுட்டுதல் என்று பொருள்கள் ஒரு பக்கத்தை நிறைத்து அடுத்த பக்கத்திலும் இறங்கி ஓடின. ஒரு சிறு சொல் இத்தனை சுமையைத் தாங்குகிறதே என்று வியந்து நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ஆயினும் எங்கள் கரிசல் காட்டில் அச்சொல்லுக்கு வழங்கும் தலையாய பொருளை மட்டும் அகராதியை இயற்றியவர் விட்டுவிட்டார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. மல்லாங்கிணற்றுப் பக்கத்தில் மழை பொய்த்த ஓர் ஆண்டை அவர் கண்டிருக்கமாட்டார்.

அச்சொல்லை எங்கள் வீட்டுக்கு முதலில் கொண்டுவந்தவர் என் தாய்மாமன். அவர் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் வேலை பார்த்தார். வரும்போதெல்லாம் அச்சில் பிசகிப்போன காலண்டர்த் தாள்களைச் சுருட்டிக் கொண்டுவருவார். பள்ளியில் நான் கற்றதைக் காட்டிலும் அந்தத் தாள்களில் கற்றதே மிகுதி. ஒருமுறை தேய்ந்துபோன ஈய எழுத்துகள் சிலவற்றை என் உள்ளங்கையில் வைத்து விளக்கினார்.

"ஏ புள்ள, இது எட்டுப் பாயிண்ட்டு. இந்தா, இது இருபத்துநாலு. கல்யாணப் பத்திரிகையில பொண்ணு மாப்பிள்ள பேரு இருபத்துநாலு பாயிண்ட்ல வரும். தாய்மாமன் பேரு எட்டுப் பாயிண்ட்ல அடியில கிடக்கும். எம்பேர நானே எட்டுப் பாயிண்ட்ல கோக்க வேண்டியிருக்கு, பாரு எம்பொளப்ப!"

மாமா நல்ல கபடி ஆட்டக்காரரும் ஆவார். எதிரணியினர் காலைப் பிடித்து இழுக்க, அவர் மண்ணில் புரண்டு விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், "பாயிண்ட்!" என்று ஊரே கூவும். எங்கள் ஊர் வழியே ஓடும் பேருந்து ஒன்றுக்கும் 'பாயிண்ட் டு பாயிண்ட்' என்றே பெயர். அது எங்கள் ஊர்ச்சாலை பிரியும் விலக்கில் நிற்காமல் போய்விடும் என்பதால் அப்பெயருக்கு ஒரு தனிக் கம்பீரம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் இழுக்க வந்தவரோ சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன பாயிண்ட் வேணும்?" என்று அப்பாவைக் கேட்டார். "ஒண்ணு போதும்" என்றார் அப்பா. அந்த ஒரு பாயிண்டிலிருந்து வெளிச்சம் வழிந்த மாலையில், ஒரு முடிவுக்கு வந்தேன்.

பாயிண்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள். அது சுவரில் வந்து அமர்ந்தால் ஒளி பிறக்கிறது. ஈயத்தில் அமர்ந்தால் எழுத்து பிறக்கிறது. மாமாவின் விரல் நுனியில் அமர்ந்தால் வெற்றி பிறக்கிறது. என் ஐயத்தை மாமாவிடமே கேட்டேன்: "மாமா, எல்லாம் ஒரே பாயிண்ட்தானா?" அவர் தலையைச் சொறிந்துகொண்டு சற்று யோசித்தார். "ஒண்ணாத்தான் இருக்கணும். இல்லேன்னா எதுக்கு எல்லாத்துக்கும் ஒரே பேர வைக்கான்?" என்றார். அதைவிடத் தெளிவான விடை எனக்குத் தேவைப்படவில்லை.

எனக்குப் பத்து வயது கடந்த அந்த ஆண்டில் மழை பெய்யவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலும் பேருக்குத்தான் பெய்தது. சோளத்தட்டை முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக இருந்த கிணற்றில் தவளைகூட இல்லை. அக்கிணற்றுத் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சியதில் யார் முறையை யார் மீறினார் என்ற வழக்கில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கிணறு வற்றிய பின்னும் அந்த வழக்கு வற்றவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். இரண்டு காட்டுக்கும் ஒரே நடுவரப்பு. பெரியப்பா இருமினால் எங்களுக்குக் கேட்கும். ஆனால் அவர் எங்களைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

பெரியப்பாவின் மகள் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் அழைப்பேன். பெரியவர்களின் பகை எங்களைத் தொடவில்லை. அவள் முந்திய ஆண்டே பள்ளியை விட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். விடியுமுன் கம்பெனி வண்டி விலக்கில் வந்து நின்று ஒலி எழுப்பும். தூக்குச்சட்டியோடு ஓடுவாள். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வருவாள். வரும்போது அவள் கைகள் மின்னும். மருந்தில் கலக்கும் அலுமினியத் தூள் உள்ளங்கை முழுவதும் படிந்து, ரேகைகளில் இறங்கி, நகக்கண்களில் ஏறி, அம்மன் சிலைக்குச் சாத்திய வெள்ளிக் கவசம் போல ஒளிரும். நான் அக்கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். உலகில் அதைவிட அழகான கைகள் யாருக்கும் வாய்க்கவில்லை என்பது என் துணிபு.

கம்பெனிக்கு ஆள் சேர்ப்பவர் ஒரு நாள் எங்கள் வாசலிலும் வந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, தை பொறந்ததும் பாப்பாவையும் அனுப்புறீகளா? சீசன் ஆர்டர் குமிஞ்சு கிடக்கு, ஆள் பத்தல" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு போர் போட்டுப் பாக்கப்போறேன். அது கை குடுத்தா புள்ள படிக்கும். குடுக்கலேன்னா நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். அன்று மாலையே அம்மாவின் காதுகளில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது. அந்தக் கம்மலை விற்ற பணத்துக்கு ஒரே ஓர் ஆழ்துளைக் கிணறுதான் கூடும்; மற்றொன்றுக்கு வழியில்லை.

அடுத்த வாரம் பாயிண்ட் பார்ப்பவர் வந்தார். பூமிக்கு அடியில் நீரோட்டம் எங்கே போகிறதென்று கண்டு சொல்பவருக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் அதுதான் பெயர். வெள்ளை வேட்டி, வெறும் உடம்பு, வெறுங்கால். இடத்தைக் குறிக்கும் முளையை அடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பருகமாட்டார். எங்கள் காட்டு ஓரத்தில் செருப்பைக் கழற்றிவைக்கச் சொல்லிவிட்டு, எல்லோரையும் நிறுத்தி ஒரு கட்டளையிட்டார்.

"அது மேல வந்து கண்ணுல படுற வரைக்கும், இந்தக் காட்டுக்குள்ள யாரும் அது பேரச் சொல்லப்படாது. சொன்னா நம்மளத் தேடுறாகன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒளிஞ்சுக்கிரும். பாயிண்ட்னே சொல்லுங்க. அந்தப் பாஷ அதுக்குத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. என் உடம்பு சிலிர்த்தது. ஒளியாகவும் எழுத்தாகவும் வெற்றியாகவும் இருந்த அந்தப் பொருள் நம் காலடியிலும் இருக்கிறது. அதற்குக் காதும் இருக்கிறது! வெயில் ஏறியபோது எனக்கு நா வறண்டது. கட்டளை நினைவிருந்ததால் அம்மாவின் சேலையை இழுத்து, "அம்மா, எனக்குக் குடிக்கக் கொஞ்சம் பாயிண்ட் வேணும்" என்றேன். அன்று ஊருக்கு வந்திருந்த மாமா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அம்மா செம்பை நீட்டினார்.

பாயிண்ட் பார்ப்பவர் உரித்த தேங்காய் ஒன்றை வலது உள்ளங்கையில் படுக்கவைத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நடந்தார். காட்டின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை நடந்தார். தேங்காய் உறங்கும் குழந்தையாய்க் கிடந்தது. நடுவரப்பை நெருங்கியதும் அது அசைந்தது. அவர் நின்றார். ஓரடி எடுத்துவைத்தார். தேங்காய் தலையைத் தூக்கியது. வரப்பின் மேல் ஏறினார். அது சாய்வாக எழுந்தது. வரப்பைத் தாண்டி மூன்று எட்டு வைத்தார். அவர் கையில் தேங்காய் குடுமி வானத்தை நோக்க நட்டுக்குத்தலாக நின்றது. அவருடைய தோள் நடுங்கியது. ஒருவர் பிடிக்காமல், தூக்காமல், ஒரு காய் எழுந்து நிற்பதை அதற்கு முன் கண்டதில்லை. அதற்குப் பின் பலமுறை கண்டும் அந்த வியப்பு குறைந்ததில்லை.

ஆனால் அது பெரியப்பாவின் காடு.

"இங்கனதான் இருக்கு" என்றார் அவர்.

அப்பாவின் முகம் கறுத்தது. "அது எங்க இடமில்ல சாமி. வரப்புக்கு இந்தப் பக்கம் பாருங்க."

"பாயிண்ட்டுக்கு வரப்பு தெரியுமா? அது ஓடுற பக்கம் ஓடுது. உங்க பக்கத்துல கோடியில ஒரு எடம் லேசா அசைஞ்சிச்சு. அங்கன போட்டா ஊத்துக் கசியும், அம்புட்டுத்தான். இங்கன போட்டா ரெண்டு காட்டுக்கும் பாயும்."

இரண்டு பனைகளுக்கு நேர் நடுவில், தேங்காய் எழுந்த இடத்திலேயே, மஞ்சள் கயிறு சுற்றிய பூவரச முளையை அவர் அடித்தார். கண்ட பாயிண்டை முளையடிக்காமல் விட்டுப்போனால் கண் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. அதைச் சுற்றி உடைமுள்ளை வளைத்துவைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கத் தொலைவில் இருந்த கோயில் பக்கம் போய்விட்டார்.

மாமாதான் பேச்சைத் தொடங்கினார். "மச்சான், ஒரு வார்த்த பெரியவருகிட்டக் கேட்டுருவோம். நான் வேணா போயிக் கேக்கேன்."

"அண்ணன் வாசல்ல போயி நிக்கமாட்டேன். நம்ம எடத்துலயே போடுவோம். வந்தா வருது."

"வராட்டி?" என்றார் அம்மா. அம்மா என்னைப் பார்த்தார். நான் முளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் வண்டியை விட்டிறங்கி வந்த அக்கா, தன் காட்டுக்குள் முள்வேலி முளைத்திருப்பதைக் கண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். எல்லாவற்றையும் நான் அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தேங்காய் நின்றதைச் சொன்னபோது எழுந்து நின்றே காட்டினேன். அவள் வெள்ளிக் கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "சித்தி, அப்போ தை மாசத்துலருந்து இவளும் எங்கூட வண்டியில வருவாளா?" என்று கேட்டாள். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கோ நெஞ்சு துள்ளியது. அக்காவின் பக்கத்தில் அமர்ந்து, சன்னல் வழியே காற்று வாங்கிக்கொண்டு போகலாம். திரும்பும்போது எனக்கும் அவளைப் போல் கை வாய்த்திருக்கும். அன்று நடுச்சுவருக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்டது. பிறகு பெரியப்பா இருமிக்கொண்டே வெளியே போவது கேட்டது.

ஒரு நாள் கழித்து, திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர் போடும் லாரி ஊருக்குள் வந்தது. காலையில் அதற்கு வழிகாட்டிக்கொண்டு அப்பா முன்னே நடக்க, நாங்கள் பின்னே ஓடினோம். காட்டு ஓரத்தை அடைந்ததும் அப்பா நின்றுவிட்டார். லாரியும் உறுமிக்கொண்டு நின்றது.

நடுவரப்பு நேராக இல்லை. பிறந்த நாள்முதல் நான் கண்ட அந்த வரப்பு, நூல் பிடித்தாற்போலக் கிழக்கிலிருந்து மேற்கே போகும் வரப்பு, இப்போது பாதியில் வில்லாக வளைந்து பெரியப்பாவின் காட்டுக்குள் சென்று, முள்வேலியைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. வளைந்த இடத்தில் கரிசல் மண் புதிதாகக் கறுத்துக் கிடந்தது. அணைத்த மண்வெட்டியின் தடம் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. பழைய வரப்பு இருந்த இடம் சமன் செய்யப்பட்டிருந்தது. முளை எங்கள் பக்கத்தில் நின்றது.

நான் உடனே பனைகளைப் பார்த்தேன். முளை அதே இரண்டு பனைகளுக்கு நேர் நடுவில்தான் நின்றது. ஓர் அங்குலமும் நகரவில்லை. நகராமலே அது எங்கள் பக்கம் வந்துவிட்டது!

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்பாவை அப்படிக் கோயில் வாசலில் மட்டுமே கண்டிருக்கிறேன். காட்டில் வணங்கத்தக்க யாரும் இல்லை. தொலைவில், பெரியப்பா தம் காட்டுக் கோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோடியில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"என்ன மச்சான், பாயிண்ட் நம்ம பக்கம் வந்துருச்சு!" என்றார் மாமா. கபடித் திடலில் கத்தும் குரலில் தொடங்கியவர், முடிக்கும்போது குரலை இறக்கிவிட்டார்.

எனக்கு அதில் ஐயமே எழவில்லை. சாமி வீதியுலா வரும்போது கூட்டம் தானாக விலகி வழிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் பாயிண்டுக்கு முன் வரப்பும் விலகியிருக்கிறது. மண்ணும் மதித்து ஒதுங்கும் ஒரு பொருளை மாமா விரல் நுனியில் தொட்டுவிட்டு வருகிறார் என்று எண்ணியபோது அவர்மீதும் மதிப்புப் பெருகியது.

இன்றும் அந்த வரப்பு வில்லாகவே கிடக்கிறது. வளைவின் நடுவில் அப்பா பிறகு ஒரு மடை வெட்டிவைத்தார். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

லாரி துளையிடத் தொடங்கியது. அந்த ஓசை என் பற்களுக்குள் ஏறியது. முதலில் கரிசல் வந்தது, பிறகு சுக்காம்பாறை, பிறகு மாவு போன்ற வெண்புழுதி எழுந்து எல்லோரையும் ஒரே நிறமாக்கியது. குழாய் ஒன்று இறங்கி முடிந்ததும் இன்னொன்றை மாட்டினார்கள். உச்சி வெயிலிலும் புழுதியே வந்தது. அப்பா முளையிருந்த இடத்தைப் பார்க்காமல் பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வேப்பங்குச்சி செருகிய காதைத் தடவிக்கொண்டேயிருந்தார். லாரிக்காரர் ஒருவர், "இன்னும் ரெண்டு கொளாய்தான் இருக்குங்க" என்றார்.

திடீரென்று புழுதி நின்றது. துளையின் வாயிலிருந்து ஈர மூச்சு வந்தது. அடுத்து, சேறு கக்கியது. அதற்கும் அடுத்து, பனையின் பாதி உயரத்துக்கு, பூமி தன் நெஞ்சைத் திறந்து வீசியது. வெண்மையாக, குளிர்ந்து, வெயிலில் வானவில்லைத் தாங்கிக்கொண்டு அது எங்கள் தலைகளின்மேல் விழுந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. பேர் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றும் வந்து நின்றிருந்த பாயிண்ட் பார்ப்பவர்தான் இரு கைகளையும் உயர்த்தி, "இனிமே சொல்லுங்க!" என்றார்.

"தண்ணி!" என்று அம்மா கத்தினார். "தண்ணி! தண்ணி!" என்று மாமா கத்தினார். லாரிக்காரர்களும் கத்தினார்கள். நான் பிறந்தது முதல் நாள்தோறும் சொன்ன சொல், அன்றுதான் புதிதாகச் செய்து கையில் கொடுத்தாற்போல் இருந்தது. நானும் கத்தினேன், கத்திய வாய்க்குள்ளேயே அது விழுந்தது. கொஞ்சம் உப்பாக, கொஞ்சம் கல்லாக இனித்தது.

கலங்கல் தெளிந்ததும் அப்பா செம்பில் பிடித்து என்னிடம் தந்தார். "பெரியப்பாட்ட கொண்டு போயிக் குடு. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

புதிய வரப்பின் ஈரமண்ணில் கால் புதைய நடந்து போனேன். பெரியப்பா செம்பை இரு கைகளாலும் வாங்கினார். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மீதியைக் குடிக்கவில்லை, தலைத்துண்டால் செம்பை மூடி, பனையடியில் வைத்துவிட்டு, "அக்கா வரட்டும்" என்றார். பகை மூண்ட பின் அவர் என்னிடம் பேசிய முதற்சொற்கள் அவையே.

பொழுது இறங்கி அக்கா வரும்வரை இருவரும் அங்கேயே அமர்ந்திருந்தோம். அவள் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு, தொலைவிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தாள். "பெருசா வந்துருச்சாமே! வண்டியில எல்லாரும் பேசிக்கிட்டாக!" பெரியப்பா அவள் கைகளை நீட்டச் சொன்னார். செம்புத் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றித் தம் பெருவிரலால் தேய்த்தார். மேலே படிந்திருந்த தூள் சாம்பலாய் வழிந்தது. ரேகைகளிலும் நகக்கண்களிலும் இருந்த வெள்ளி அப்படியே மின்னியது. மறுபடியும் ஊற்றினார், மறுபடியும் தேய்த்தார்.

"அட விடுங்கப்பா, அது போவாது. நாளைக்கும் ஒட்டத்தான போகுது" என்று அக்கா சிரித்தாள்.

செம்பு காலியாயிற்று. அத்தனை அரிய தண்ணீரைச் செலவழித்து அத்தனை அழகிய வெள்ளியைக் கழுவ முயன்ற பெரியப்பாவின் அறியாமையை எண்ணி வியந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, என் இரு கைகளையும் பற்றி உள்ளங்கை மேலே வருமாறு விரித்துவைத்தார். பொழுது மறையும் வெளிச்சத்தில் அவற்றை நெடுநேரம் பார்த்தார். "இது இப்பிடியே இருக்கட்டும் தாயி" என்றார்.

அவர் என்ன கண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. நானும் குனிந்து பார்த்தேன். இனி வண்டியில் போகமுடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அக்காவின் கைகள் எனக்குப் பக்கத்திலேயே மின்னிக்கொண்டிருந்தன. என் கைகளில் ஒன்றுமே இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.